கூப்பிட்டோம் என்றேன்

என் மகளுடைய பழைய கைப்பேசி பதினோரு வாரம் என் அலுவலக மேசை இழுப்பறையில் கிடந்தது. திரையின் மூலையில் கீறல் விழுந்தது, பேசுவதற்கு இனி உதவாது என்று அவள் ஒதுக்கி வைத்தது. அதற்கு அவள் கொடுத்திருந்த ஒரே வேலை, அவள் சாக்ஸபோன் வாசிக்கும்போது பதிவு செய்வது. அதில் முக்கால்வாசி நாள் அவள் அதைத் தேடினாள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

எங்கள் வீடு கீழ்க்கட்டளையில், மூன்றாவது மாடி. நான் தாம்பரத்தில் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்க்கிறேன். மனைவி பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை. ஒரே மகள். இருபத்து நான்கு வயது. சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். பதினைந்து வயதில் அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது, சின்ன வயதிலேயே வருகிற வகை. மாத்திரைக்குக் கேட்காது. ஒவ்வொரு வேளையும் சாப்பிடுவதற்குச் சற்று முன் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுக்கொண்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். எங்கள் வீட்டில் அதற்கு 'லோ' என்று பெயர். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். அந்த நேரத்தில் ஒரு தம்ளர் சர்க்கரைத் தண்ணீர் குடித்தால் சற்று நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். ஒன்பது வருடத்தில் எத்தனையோ லோ பார்த்தாயிற்று. ஆரம்பத்தில் அவள் தும்மினால்கூட எழுந்து ஓடியவர்கள், பிறகு தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் "சக்கரை டப்பா அங்க இருக்கு பாரு" என்று சொல்லும் அளவுக்குப் பழகிப்போனோம்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம் யாரோ விற்ற ஒரு சாக்ஸபோனை வாங்கிக்கொண்டு வந்தாள். கல்யாண மண்டப மேடையில் தவிர நான் அதைப் பார்த்ததில்லை. கீழ்த்தளத்துக்காரர் அந்த வாரமே என்னை மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். எங்கள் கட்டடம் நிற்கிற இடம் ஒருகாலத்தில் அவர் அப்பா கத்தரிக்காய் போட்ட நிலம். அதனால் கட்டடத்தில் நடப்பது எல்லாவற்றையும் அவர் விசாரிப்பார்.

"இன்னா சார், வூட்ல விசேஷமா? மாப்ள வந்துகினு கீறாரா?"

"பாப்பா கத்துக்குது சார்."

"கத்துக்கட்டும், கத்துக்கட்டும். ஆனா ஒரே பாட்டையே ஊதிகினு கீதே. ரெண்டாவது பாட்டு எப்போ?"

அவர் கேட்டது எனக்கும் இருந்த சந்தேகம்தான். அவள் வாசித்தது ஜாஸ். ஒரு செயலியைத் தட்டினால் ஸ்பீக்கரில் பியானோவும், அடிக்குரலில் தந்தி மீட்டும் பாஸும், டிரம்ஸும் ஓட ஆரம்பிக்கும். நாலு தட்டு சேர்ந்தால் ஒரு பார். பன்னிரண்டு பார் முடிந்தால் ஒரு சுற்று, மறுபடி முதலிலிருந்து, யாராவது நிறுத்தும்வரை. அதில் மொத்தம் மூன்றே கார்டுகள். சில சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலித்தால் அது கார்டு. அந்த மூன்றின் மேல் எழுதி வைக்காத எதையாவது அந்தந்த நொடியில் அவள் வாசிக்க வேண்டும்.

"கீழ அதே ரோடுதான்பா," என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். "மேல நான் எப்படி வேணா நடக்கலாம், ஓடலாம். ஆனா ரோடு எங்க வளையுதுன்னு தெரிஞ்சு வெச்சிருக்கணும். அஞ்சாவது பார்ல வளையும். அங்க வளையாம நேராப் போனா பள்ளத்துல விழுந்த மாதிரி கேக்கும்."

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது."

"ரயிலும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. நீ வளவளன்னு சிக்னலப் பத்திப் பேசலையா?"

அண்டை வீட்டாருக்காக அவள் அறையின் ஜன்னலில் பழைய ரஜாய்ப் போர்வைகளைத் தொங்கவிட்டாள். பாஸ் ஒலிக்குக் கதவு அதிர்கிறது என்று உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். ஒருமுறை நடுவில் தட்டி "காப்பி வேணுமா?" என்று கேட்டுவிட்டேன். வெளியே வந்தவள் கண்ணில் நீர் தளும்பியது. "ரெண்டு வாரமா வராத ஒண்ணு இப்பதான்பா வந்துச்சு. போயிடுச்சு." அதற்குப் பிறகு நான் தட்டியதில்லை. மனைவியையும் தட்டவிட்டதில்லை.

வாசிக்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆனபோது அவளுக்கு ஒரு புதிய பயிற்சி வந்தது. இணையத்தில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் கொடுத்தது. ஒரு சுற்று வாசிக்க வேண்டும், அடுத்த சுற்று முழுவதும் வாசிக்காமல் இருக்க வேண்டும். ஆனால் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்து சரியாக முதல் பாரில் நுழைய வேண்டும். போகப்போக இரண்டு சுற்று, நான்கு சுற்று என்று விட வேண்டும்.

"சும்மா இருக்கறதுதான்பா இருக்கறதுலயே கஷ்டம்," என்றாள். "எல்லாரும் ரொம்ப வாசிச்சுத் தள்ளறாங்க. கேக்கறதே இல்ல."

எனக்கு இது பிடித்துவிட்டது. அலுவலகத்தில் டீ குடிக்கும்போது இதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். அறைக்குள்ளிருந்து வெறும் பியானோவும் பாஸும் மட்டும் கேட்டால், "இப்ப சும்மா இருக்கா" என்று மனைவிக்கு நானே விளக்கம் சொல்வேன்.

அது ஒரு சனிக்கிழமை மதியம். ஒன்றரை மணிக்குச் சாப்பாடு என்று முடிவாகியிருந்தது. அவள் என்னைக் கடந்து அறைக்குள் போகும்போது சொன்னாள்: "நான் ஊசி போட்டுட்டேன்பா. சோறு ஆனதும் கூப்பிடு." நான் செய்தித்தாளின் பின்னாலிருந்து "ம்" என்றேன். அவள் போன இரண்டாவது நிமிடம் சமையலறையில் சிலிண்டர் தீர்ந்தது. சோறு பாதி வேக்காட்டில் நின்றது. மாற்று சிலிண்டரைப் பொருத்தினால் வாஷர் சரியாக உட்காரவில்லை, வாயு வாசனை வந்தது. நான் திருப்புளியோடு தரையில் உட்கார்ந்தேன். இப்படிப்பட்ட வேலை என்றால் எனக்கு உலகம் மறந்துவிடும்.

அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். நாலைந்து சுரங்கள் கொண்ட ஒரு சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் தேய்ந்து. எனக்கு ஜாஸ் பிடிபடாது என்று சொன்னேன். ஆனால் அன்றைக்கு அது என்னைத் தொட்டது. திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். "இன்னைக்கு என்னமா வாசிக்கிறா பாரு," என்று மனைவியிடம் சொன்னேன்.

பிறகு சாக்ஸபோன் நின்றது. பியானோவும் பாஸும் ஓடின.

"என்னங்க, சோறு ஆயிடுச்சு. அவளக் கூப்பிடுங்க."

"விடு. சும்மா இருக்கற பயிற்சி பண்றா."

ரசம் கொதித்து இறங்கியது. அப்பளம் பொரிந்தது.

"ஊசி போட்டுட்டான்னீங்களே. கூப்பிடுங்களேன்."

"தொந்தரவு பண்ணாத. முடிச்சிட்டு அவளே வருவா."

மூன்றாம் முறை அவள் என்னைக் கேட்கவில்லை. "ரொம்ப நேரமாச்சுங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடி போய்த் தட்டினாள். பதில் இல்லை. நான் அப்போதும் எழவில்லை. அவள் என் மகள் பெயரைக் கத்திய பிறகுதான் எழுந்தேன். கதவை உதைத்தேன், தோளால் மோதினேன். சத்தம் கேட்டுக் கீழ்த்தளத்துக்காரர் கடப்பாரையோடு படியேறி வந்தார். "நவுரு சார், நவுரு" என்று தாழ்ப்பாள் பக்கம் ஒரே நெம்பு.

தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். கழுத்துப் பட்டையில் சாக்ஸபோன் இன்னும் மாட்டியிருந்தது. உடல் முழுதும் வியர்வை. கை ஒன்று வெட்டிவெட்டி இழுத்தது. விரலில் குத்திப் பார்த்தபோது, எழுபதுக்குக் கீழே போகக் கூடாத மானி இருபத்தாறு காட்டியது. ஈறில் சர்க்கரையைத் தேய்த்தோம். ஸ்பீக்கரில் பியானோ அடுத்த சுற்றைத் தொடங்கியது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. கீழ்த்தளத்துக்காரர் காரில் நாங்கள் கிளம்பிய பிறகும் அது காலியான வீட்டில் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ரேடியல் ரோடு முழுவதும் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே அவர் சொன்னார்: "தோ வந்துட்டோம் சார். பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது. தோ வந்துட்டோம்."

மருத்துவமனையில் ஒரு இளம் பெண் டாக்டர் கேள்விகள் கேட்டார். எத்தனை மணிக்கு ஊசி, எத்தனை யூனிட், எப்போது கடைசியாகப் பேசினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஊசி போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கே சார். சாப்பிட நீங்க யாரும் கூப்பிடலையா?"

"கூப்பிட்டோம் டாக்டர்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வாசிச்சிட்டிருந்தா. வரேன்னு சொன்னா."

மனைவி பக்கத்தில்தான் நின்றாள். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. டாக்டர் எழுதிக்கொண்டார்.

நான்கு நாள் மகள் கண் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் திறந்தாள், ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. ஏழாம் நாள் "அம்மா" என்றாள். அந்தச் சனிக்கிழமையும் அதற்கு முந்தைய சில நாட்களும் அவள் ஞாபகத்திலிருந்து துடைத்துப் போயிருந்தன. வலது கை விரல்கள் சொன்னதைக் கேட்டன, ஆனால் தாமதமாக. மற்றபடி பிழைத்தது பெரிய விஷயம் என்றார்கள்.

இடையில் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பெயர்ந்த தாழ்ப்பாள் தொங்கிக்கொண்டிருந்தது. அலமாரித் தட்டில், புத்தகங்களில் சாய்த்து வைத்த பழைய கைப்பேசி இருந்தது. சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. செருகி வைத்தேன். உயிர் வந்ததும் அந்தச் சனிக்கிழமையின் பதிவு தானாகச் சேமிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து கேட்டேன்.

முதல் இருபது நிமிடம் அவள் நன்றாக வாசிக்கிறாள். இடையில் தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறாள், "சே, மறுபடி" என்கிறாள். பிறகு அந்தச் சின்னத் துண்டு வருகிறது. கதவுக்கு வெளியிலிருந்து கேட்டபோது எனக்கு உருக்கமாக இருந்த அது, கதவுக்கு உள்ளேயிருந்து கேட்டால் வேறாக இருந்தது. சுரங்களுக்கு நடுவில் அவள் மூச்சு வாங்குவது கேட்கிறது. ஏதோ சொல்கிறாள், சொல்லாகத் திரளவில்லை. அதற்கும் மேலே, தூரத்தில், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, என் குரல்: "இன்னைக்கு என்னமா வாசிக்கிறா பாரு." பொத்தென்று ஒரு சத்தம். அதன் பிறகு பியானோ, பாஸ். மனைவியின் குரல். "விடு." பியானோ, பாஸ். மனைவியின் குரல். "தொந்தரவு பண்ணாத." பியானோ, பாஸ். அவள் விழுந்த சத்தத்திலிருந்து கதவு உடைகிற சத்தம்வரை நாற்பத்து மூன்று நிமிடம். முழுவதையும் கேட்டேன். நடுவில் ஓட்டிவிட எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்கள் துறையில் எது பழுதானாலும் சிவப்புத்தான் விழ வேண்டும். கம்பி அறுந்தாலும் சிவப்பு, மின்சாரம் போனாலும் சிவப்பு. அப்படித்தான் எல்லாவற்றையும் அமைத்திருப்போம். பழுதான நிலையில் பச்சை காட்டுவதைவிடப் பெரிய ஆபத்து எங்களுக்குத் தெரியாது. முப்பது வருடமாக இதைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவருகிறவன் நான். அன்றைக்கு அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பச்சையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கைப்பேசியை அழிக்க மனம் வரவில்லை. அவள் இரண்டு வருடமாக வாசித்த எல்லாமே அதில்தான் இருந்தது. சாப்பாட்டுப் பையில் போட்டுத் தாம்பரம் கொண்டுபோய் இழுப்பறையில் பூட்டினேன்.

அவள் வீட்டுக்கு வந்ததும் மேல்கையில் ஒரு சென்சார் ஒட்டினோம். சர்க்கரை அளவு என் கைப்பேசியில் தெரியும், இறங்கினால் அலறும். அறைத் தாழ்ப்பாளை நான் திரும்பப் பொருத்தவில்லை. திருகு விழுந்த ஓட்டைகள் அப்படியே இருந்தன. வந்து ஒரு வாரம் இருக்கும், மருத்துவமனைக் காகிதங்களைக் கோப்பில் அடுக்கிக்கொண்டிருந்தவள் ஒரு தாளில் நின்றுவிட்டாள். டிஸ்சார்ஜ் சம்மரி. நான் டாக்டரிடம் சொன்னது அதில் ஆங்கிலத்தில் ஒரு வரியாக இருந்தது: சாப்பிட அழைத்தும் நோயாளி வரத் தாமதித்ததாகத் தந்தை கூறுகிறார்.

"அப்பா, நீங்க கூப்பிட்டீங்களா?"

நான் மேசையில் கிடந்த பில்களை அடுக்கினேன்.

"வரேன்னு வேற சொன்னேனா? எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்லப்பா." தாளைக் கீழே வைத்தாள். "பெத்தவங்க கூப்பிடறதுகூட காதுல விழாத அளவுக்கு என்ன வாசிப்பு? சாரிப்பா. உங்க ரெண்டு பேரையும் என்ன பாடு படுத்திட்டேன்."

சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி அதை மூடவும் இல்லை, பாத்திரத்தைத் தொடவும் இல்லை.

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று மனைவி கேட்டாள்: "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"கொஞ்ச நாள் போகட்டும். உடம்பு தேறட்டும்."

"நீங்கதான் சொன்னீங்க, விடுன்னு. நான் விட்டேன். இதையும் விடறேன்." செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப்போனாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் பால், மின்கட்டணம், மருந்து தவிர வேறு பேச்சு குறைந்துபோனது.

மகள் சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்து மூடினாள். ஆனால் பழைய கைப்பேசியைத் தேடினாள். பிசியோதெரபிக்குப் போய் வந்து, பந்தை அழுத்தி அழுத்தி விரல்களுக்குப் பயிற்சி கொடுப்பாள். "முன்னாடி என் விரல் எப்படி ஓடிச்சுன்னு ஒரு வாட்டி கேக்கணும்பா. எவ்ளோ தூரம் வரணும்னு தெரியுமில்ல?" நான் முட்டி போட்டு அவள் கட்டிலுக்கு அடியில் கை விட்டுத் துழாவினேன். "ஆம்புலன்ஸ் அமளில..." என்று ஆரம்பித்து, ஆம்புலன்ஸே வரவில்லை என்பது ஞாபகம் வந்து நிறுத்தினேன்.

பதினோராம் வாரம் வெள்ளிக்கிழமை அவள் சொன்னாள், சாக்ஸபோனை விற்கப் போட்டிருக்கிறாள், பீர்க்கன்கரணையிலிருந்து ஒருவர் ஞாயிறு காலை வந்து பார்க்கப்போகிறார் என்று. சாதாரணமாகத்தான் சொன்னாள். சோற்றில் மோரை விட்டுப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. இருந்தும் தாம்பரம் போனேன். திரும்பும்போது கைப்பேசி சட்டைப் பையில் இருந்தது. பல்லாவரத்தில் பஸ் மாற இறங்கியவன், மூன்று பஸ்களை விட்டுவிட்டு நின்றேன். கீழ்க்கட்டளை போகும் பஸ்கள் எல்லாமே காலியாகத்தான் வந்தன.

அவள் அறையில் கைப்பேசியைக் கட்டிலின் மேல் வைத்தேன். அவள் அதையும் என்னையும் பார்த்தாள்.

"எங்க இருந்துச்சு?"

"என் ஆபீஸ்ல. நான்தான் கொண்டு போய் வெச்சேன். நாங்க கூப்பிடலம்மா. அம்மா கூப்பிடச் சொன்னா. நான்தான் வேணாம்னேன். நீ வரேன்னு சொல்லவே இல்ல."

அவள் இயர்போனைச் செருகிக்கொண்டாள். நான் போகலாமா, இருக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். பிறகு தரையில் உட்கார்ந்தேன், அவள் விழுந்து கிடந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி. நடுவில் ஒருமுறை ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையை உயர்த்தி நிறுத்தினாள். அவளும் ஓட்டிவிடவில்லை. திரையில் அந்தக் கோடு நகர்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் எது வரும் என்று எனக்குத் தெரியும்.

இயர்போனைக் கழற்றியபோது அவள் அழவில்லை.

"நல்லா வாசிக்கறேன்னு சொல்ற," என்றாள். "அது வாசிப்பே இல்லப்பா. நாலு சுரத்துல மாட்டிக்கிட்டு முழிக்கறேன். அஞ்சாவது பார்ல வளையுதுன்னுகூட எனக்குத் தெரியல. ஒரு வாட்டிகூட நான் வளையல."

இயர்போன் கம்பியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "அம்மா மூணு வாட்டி சொல்றா."

எழுந்து சமையலறைக்குப் போனாள். "நீயும் சொல்லலல்ல?" என்று அவள் கேட்டது மட்டும் எனக்குக் கேட்டது. மனைவியின் பதில் கேட்கவில்லை.

பீர்க்கன்கரணைக்காரரிடம் என்ன சொன்னாள் என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. மூன்று வாரம் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பிடும் நேரத்தில் அம்மாவின் பக்கம் உட்கார்ந்தாள். சென்சார் எண் மட்டும் என் கைப்பேசியில் வந்துகொண்டிருந்தது. நூற்றுப் பத்து, தொண்ணூற்றெட்டு, நூற்று முப்பது. அவளிடமிருந்து எனக்கு வந்த செய்தி அவ்வளவுதான்.

நான்காம் வாரம் ஒரு மாலை வேலையிலிருந்து வந்து முகம் கழுவியதும் பெட்டியைத் திறந்தாள். அறை வாசலில் நின்று, கழுத்துப் பட்டையைச் சரிசெய்தபடி என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"இருபது நிமிஷம் கழிச்சு என்னைக் கூப்பிடு. கூப்பிட்டேன்னு சொல்லாத. கூப்பிடு."

கதவு சாத்தியது. பியானோ ஆரம்பித்தது.

அன்றிலிருந்து அவள் வாசிக்கிற நாளெல்லாம் நான் கூப்பிடுகிறேன். சமையலறைக் கடிகாரத்தின் கீழ் நாற்காலி போட்டுக்கொள்கிறேன். வாசித்துக்கொண்டிருந்தாலும் கூப்பிடுகிறேன், நிறுத்தியிருந்தாலும் கூப்பிடுகிறேன். சில நாள் உள்ளேயிருந்து ஒரே ஒரு சுரம் பதிலாக வரும். சில நாள் "ம்". வராத நாளில் கதவைத் திறந்துவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை பதில் வரவில்லை. திறந்தேன். சாக்ஸபோனை மடியில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. சென்சாரும் நூற்றுப் பதினாறு என்றுதான் காட்டியிருந்தது.

"எண்ணிட்டிருக்கேன்பா," என்றாள். "ஏழாவது பார்."

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். கைப்பிடியை விடாமல் ஏழிலிருந்து நானும் எண்ணினேன். எட்டு, ஒன்பது. பன்னிரண்டு முடிந்தது. முதல் பாரில் அவள் நுழையவில்லை. இரண்டாவதிலும் நுழையவில்லை. மூன்றாவதின் நடுவில் சாக்ஸபோன் வந்தது. தவறான இடம், அது எனக்கே தெரிந்தது. அவள் விரல்கள் இன்னும் பின்தங்கித்தான் இருக்கின்றன. வாசித்துக்கொண்டே போனாள். ஐந்தாவது பாரில் கார்டு மாறியது. அவளும் மாறினாள். நான் கைப்பிடியை விட்டுவிட்டு நாற்காலிக்குப் போனேன்.